வெளிநாடு போறவங்க கையில் ஊர் நம்பர்: சிம், ரோமிங், ஓடிபி

பாபநாசம் | 3 ஜூன் 2025, காலை 9.10

அம்மா 16ஆம் தேதி திருச்சியிலேர்ந்து சிங்கப்பூர் போறாங்க, அக்கா பிரசவத்துக்கு. முதல்ல ஒரு மாசம், அங்க தங்குறதுக்கான பாஸை நீட்டிச்சுக் கொடுத்தா இன்னும் கொஞ்ச நாள். பென்ஷன் அக்கவுன்ட், கேஸ் புக்கிங், ஆதார் எல்லாமே அவங்க நம்பர்லதான் இருக்கு. ட்ராவல்ஸ்ல கேட்டா "இங்கேயே ரோமிங் பேக் போட்டுடுங்க, அங்க சிம்மே வேணாம்"ங்கிறாங்க. சரிதானா? போன்ல ரெண்டு சிம் போடலாம், ஈசிம் (கார்டு இல்லாம போனுக்குள்ளயே ஏத்துற சிம்) கிடையாது.

குடந்தைக்காரன் | 3 ஜூன், 9.55

நாலஞ்சு நாள்ல திரும்புறவங்களுக்கு அது சரி. மாசக்கணக்குல தங்குறவங்களுக்கு ஒத்துவராது. ரோமிங் பேக்ல காசு நாள் கணக்குல போகும். அதே காசுக்கு உள்ளூர் ப்ரீபெய்ட் சிம்ல பல மடங்கு டேட்டா கிடைக்கும்.

ரெண்டு சிம்முக்கும் வேலையைப் பிரிச்சுடுங்க. ஊர் சிம் ஓடிபி வாங்க மட்டும். பேச்சு, டேட்டா எல்லாம் சிங்கப்பூர் சிம்ல. இதுக்கு வீட்டை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடியே செய்ய வேண்டியது:

ஊர் சிம் கம்பெனியோட ஆப்பைத் திறந்து இன்டர்நேஷனல் ரோமிங் பகுதியில சேவை ஆக்டிவ்னு காட்டுதா பாருங்க. இல்லைன்னா இங்க இருக்கும்போதே ஆன் பண்ணணும். அங்க போய் ஆன் பண்ணப் பார்த்தா அதுக்கே ஒரு ஓடிபி கேட்கும், அந்த ஓடிபி வராது. சில ப்ரீபெய்ட் பிளான்ல பேக் எதுவுமே இல்லாட்டி வெளிநாட்டு டவரே பிடிக்காது. அப்படின்னா அந்த நாட்டுக்கு இருக்குறதுலயே சின்ன பேக் ஒண்ணு போதும்.

ஊர் சிம்முக்கு டேட்டா ரோமிங் ஆஃப். மொபைல் டேட்டா எந்த சிம்னு கேக்குற இடத்துல உள்ளூர் சிம். ஒரு சிம்ல சிக்னல் குறைஞ்சா டேட்டாவை இன்னொண்ணுக்குத் தானா மாத்துற வசதி பல போன்ல இருக்கு, அதையும் அணைச்சுடணும். டேட்டா ரோமிங்கும் இதுவும் சேர்ந்து ஆன்ல கிடந்தா, லிஃப்ட்டுக்குள்ள சிக்னல் போன அரை நிமிஷத்துல போன் ஊர் சிம்முக்குத் தாவி பேலன்ஸைத் தின்னுடும்.

வர்ற எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு இல்ல. வர்ற கால் எடுத்தா காசு உண்டு.

மன்னை மதில் | 3 ஜூன், 11.30

குடந்தை அண்ணன் சொன்னதுக்கு முன்னாடி ஒண்ணு பார்க்கணும். அம்மா போன் வோல்டி போனா? 4ஜி வழியாவே குரல் போறதைத்தான் வோல்டிங்கிறோம். சிங்கப்பூர்ல 2ஜி 2017 ஏப்ரல்லயே போயிடுச்சு, 3ஜியும் 2024ல மூடியாச்சு. மிச்சம் இருக்குறது 4ஜியும் 5ஜியும்தான். வோல்டி இல்லாத போன்ல நெட் ஓடும், கால் போகாது. பெரியவங்க வச்சிருக்கிற பழைய பட்டன் போனுக்கு டவர் கோடே வராது.

மலேசியா வேற மாதிரி. அங்க 3ஜியை 2021 கடைசியில மூடினாங்க, 2ஜியை விட்டு வச்சிருக்காங்க. அதனால அதே பட்டன் போன் கோலாலம்பூர்ல பேசும், சிங்கப்பூர்ல பேசாது. ரெண்டு ஊருக்கும் சேர்த்துப் போறவங்க இதுல குழம்பிப்போறாங்க.

செட்டிங்ஸ்ல சிம் கார்டு பகுதியில வோல்டி ரெண்டு சிம்முக்கும் ஆன்ல இருக்கான்னு பாருங்க. ரெண்டாவது ஸ்லாட்டுக்கு மட்டும் அணைஞ்சு கிடக்குறது ரொம்ப சகஜம்.

பாபநாசம் | 3 ஜூன், 12.05

வோல்டி ரெண்டுலயும் இருக்கு. ஊர் நம்பருக்கு அங்க இருக்கும்போது கால் வந்தா தானா கட் ஆகுற மாதிரி பண்ண முடியுமா? அம்மா எந்த கால் வந்தாலும் எடுத்துடுவாங்க.

வலங்கைமான் | 3 ஜூன், 12.40

முடியும். டயல்ல *351*0000# போட்டு கால் பட்டனை அழுத்துங்க. ரோமிங்ல இருக்கும்போது இன்கமிங் தடை.

குடந்தைக்காரன் | 3 ஜூன், 13.15

வலங்கைமான் தம்பி, அந்த கோடை அப்படியே போட்டா எஸ்எம்எஸ்ஸும் நின்னுடும். எந்தச் சேவைன்னு சொல்லாம விட்டா எல்லாச் சேவைக்கும்னுதான் நெட்வொர்க் எடுத்துக்கும். குரலுக்கு மட்டும் தடை வேணும்னா கடைசியில 11 சேர்க்கணும்:

*351*0000*11#

எடுக்குறதுக்கு #351*0000*11#. நடுவுல இருக்குற 0000 தடைக்கான பாஸ்வேர்டு, பெரும்பாலும் அதுதான் இருக்கும், சில கம்பெனி வேற வச்சிருக்கும். தப்பான பாஸ்வேர்டை அடுத்தடுத்துப் போட்டுப் பார்க்காதீங்க, அந்த வசதியே பூட்டிக்கும். போட்டதும் சேவை பதிவானதா திரையில வரணும். பிழைன்னு வந்தா உங்க கம்பெனி இதை ஏத்துக்கலைன்னு அர்த்தம், விட்டுடுங்க. இந்தச் சோதனையெல்லாம் ஊர்லயே முடிச்சுடணும்.

இன்னொரு கோடு எல்லாருமே போடணும்: ##002#. இது கால் ஃபார்வர்டை மொத்தமா எடுத்துடும். எடுக்காத காலை இன்னொரு நம்பருக்குத் தள்ளுற மாதிரி போட்டு வச்சிருந்தா, அந்த கால் முதல்ல சிங்கப்பூர் வரைக்கும் போய், அங்கேர்ந்து திரும்ப இந்தியாவுக்கு வரும். ரெண்டு பக்கக் காசும் நம்ம தலையிலதான் விழும். ஊர்ல இருக்கும்போது ஒண்ணும் தெரியாது, அதனால யாரும் கவனிக்கிறதில்ல.

வலங்கைமான் | 3 ஜூன், 13.22

11 ரொம்ப முக்கியம் அண்ணே. குறிச்சுக்கிட்டேன்.

கூத்தாநல்லூர் | 4 ஜூன், காலை 7.20

எல்லாரும் சிங்கப்பூரையே பேசுறீங்க. துபாய், ஷார்ஜா போறவங்களுக்கு விஷயம் வேற. அங்க உள்ளூர் சிம் போட்டாலும் சரி, வைஃபையா இருந்தாலும் சரி, வாட்ஸ்அப்ல எழுத்து, படம், வாய்ஸ் மெசேஜ் போகும். வாட்ஸ்அப் கால் போகாது. அரசு அனுமதிச்ச பாட்டிம் மாதிரி ஆப்லதான் பேசணும். அதை இங்க வீட்டுல இருக்கிறவங்க போன்லயும் முன்கூட்டியே போட்டு, அவங்க நம்பரைப் பதிஞ்சு, ஒரு தடவை பேசிப் பார்த்துட்டுக் கிளம்புங்க. அங்க இறங்கினப்புறம் அத்தாவுக்கும் அம்மாவுக்கும் போன்லயே சொல்லிக் கொடுத்துப் பதிய வைக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்ல.

விபிஎன் (நெட்ல நாம இருக்குற இடத்தை மறைக்கிற வசதி) போட்டுத் தாண்டிடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. குற்றம் செய்யவோ மறைக்கவோ விபிஎன் பயன்படுத்தினா அபராதமே 5 லட்சம் திர்ஹத்துலேர்ந்து ஆரம்பிக்குது, 20 லட்சம் வரைக்கும் போகுது. வேலைக்குப் போற பையன் இதுல மாட்டக்கூடாது.

இன்னொரு சங்கதி. ஊர் சிம்ல ரோமிங் டேட்டா பேக் போட்டு நெட் ஓட்டினா அந்த டேட்டா இந்தியக் கம்பெனி வழியா சுத்தித்தான் இணையத்துக்குப் போகும். அதனால அங்க நிக்கிறப்பவும் போன் இந்தியாவுல இருக்குற மாதிரிதான் இணையத்துக்குத் தெரியும். இந்தியப் பேங்க் ஆப் தகராறு இல்லாம திறக்குறது இதனாலதான். கொஞ்சம் மெதுவா இருக்கும், அதுவும் இதே காரணம்தான்.

மன்னை மதில் | 4 ஜூன், 8.05

கூத்தாநல்லூர் பாய் சொன்னதுக்கு மறுபக்கமும் உண்டு. டேட்டா மட்டும் தர்ற பயண ஈசிம்கள்லயும் இதே சுத்துதான். நீங்க நிக்கிறது ஒரு நாடா இருக்கும், இணையத்துக்குத் தெரியுறது வேற நாடா இருக்கும். திடீர்னு மூணாவது நாட்டுலேர்ந்து லாகின் வருதேன்னு பேங்க் ஆப் பூட்டிக்கும். அந்த நேரத்துல தங்குற இடத்து வைஃபைல திறங்க.

பயண ஈசிம் வாங்குறவங்க ஊர்லயே வைஃபைல இருக்கும்போது ஸ்கேன் பண்ணி ஏத்திடணும். அந்த க்யூஆர் கோடு பெரும்பாலும் ஒரே தடவைக்குத்தான். ஏத்தின ஈசிம்மை "வேலை செய்யல"ன்னு அழிச்சுட்டா திரும்ப ஏறாது, இன்னொண்ணு காசு கொடுத்து வாங்கணும். சிக்னல் வரலைன்னா அழிக்கிறதுக்கு முன்னாடி மூணைப் பாருங்க. அந்த ஈசிம்முக்கு மட்டும் டேட்டா ரோமிங் ஆன்ல இருக்கா (பயண ஈசிம்முக்கு அது ஆன்ல இருந்தே ஆகணும்), ஏபிஎன் (செட்டிங்ஸ்ல நெட் இணைப்புக்குக் கொடுக்குற பேர்) அவங்க கொடுத்ததா, போன் ஏதாவது கம்பெனிக்குப் பூட்டப்பட்டதா. வெளிநாட்டு ஆப்கள்ல பிரபலமான ஏராலோ, ஹோலாஃப்ளை ரெண்டையும் 2024 ஜனவரியில இந்திய ஆப் ஸ்டோர்கள்லேர்ந்து எடுத்துட்டாங்க, அதையும் கணக்குல வச்சுக்குங்க.

குடந்தைக்காரன் | 4 ஜூன், 10.30

ஈசிம்னு பேச்சு வந்ததால ஒரு எச்சரிக்கை. ஒரே ஸ்லாட் இருக்குற போன்காரங்க ஊர் சிம்மை ஈசிம்மா மாத்திட்டு, ஸ்லாட்டை உள்ளூர் சிம்முக்கு ஒதுக்குறாங்க. நல்ல யோசனைதான். ஆனா சிம் மாத்தினா, அது புது கார்டோ ஈசிம்மோ, 24 மணி நேரத்துக்கு அந்த நம்பர்ல எஸ்எம்எஸ் வராது, போகாது. மோசடியைத் தடுக்க அரசு வச்ச ஏற்பாடு. ஃப்ளைட்டுக்கு முந்தின நாள் மாத்தினா கிளம்புற அன்னைக்கு ஒரு ஓடிபியும் கிடைக்காது. ஒரு வாரம் முன்னாடியே மாத்திடுங்க. 2024 ஜூலையிலேர்ந்து சிம் மாத்தின 7 நாளைக்கு வேற கம்பெனிக்குப் போர்ட்டும் பண்ண முடியாது.

பாபநாசம் | 4 ஜூன், 18.45

அம்மா சிம்முக்கு வேலிடிட்டி 28 நாள் பிளான். ரீசார்ஜ் பண்ணாம விட்டாலும் 90 நாள் நம்பர் இருக்கும்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்களே?

குடந்தைக்காரன் | 4 ஜூன், 19.10

ரெண்டு சங்கதியைச் சேர்த்துக் குழப்பிக்கிட்டாங்க. 90 நாள் ஒரு பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்ட் நம்பரைக் கம்பெனி எடுத்துக்கலாம்ங்கிறதுதான் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதி. பேலன்ஸ்ல 20 ரூபாய் இருந்தா அதைக் கழிச்சுக்கிட்டு இன்னும் 30 நாள் வச்சிருக்கணும். அது நம்பர் யாருக்குங்கிற கணக்கு. ஓடிபி வருமாங்கிறது பிளான் வேலிடிட்டியைப் பொறுத்தது. வேலிடிட்டி முடிஞ்சா முதல்ல அவுட்கோயிங் நிக்கும், கொஞ்ச நாள்ல இன்கமிங்கும் நிக்கும். நம்பர் அவங்க பேர்லயே இருக்கும், பேங்க் எஸ்எம்எஸ் வராது. அதனால அம்மா கிளம்பறதுக்கு முன்னாடி 84 நாள் பிளான் ஒண்ணு போட்டுடுங்க. நடுவுல முடிஞ்சா நீங்க பாபநாசத்துலேர்ந்தே அந்த நம்பருக்கு ரீசார்ஜ் பண்ணலாம், அவங்க ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல.

நேரக் கணக்கு: சிங்கப்பூர் நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி. இங்க ராத்திரி 12 மணிக்கு முடியுற வேலிடிட்டி அங்க விடியக்காலை இரண்டரைக்கு முடியும். துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னாடி, அங்க ராத்திரி பத்தரைக்கே முடிஞ்சுடும்.

மன்னை மதில் | 4 ஜூன், 19.40

ரோமிங் பேக் போடுறவங்களுக்கும் நேரம்தான் பொறி. சில பேக் ரீசார்ஜ் பண்ணின நிமிஷமே ஓட ஆரம்பிக்கும், சிலது வெளிநாட்டு டவரை முதல்ல பிடிக்கும்போது. "1 நாள்"ங்கிறது சிலதுல 24 மணி நேரம், சிலதுல அன்னைக்கு நள்ளிரவு வரை. திருச்சியில ராத்திரி ஃப்ளைட் ஏறுறவங்க இதைப் படிச்சுட்டு வாங்குங்க.

நாகை | 5 ஜூன், காலை 6.50

நாகப்பட்டினம் – காங்கேசன்துறை (இலங்கை) கப்பல்ல போறவங்களுக்குத் தனியா எழுதறேன். 2023 அக்டோபர்ல ஆரம்பிச்சு, நின்னு, 2024 ஆகஸ்ட் 16லேர்ந்து சிவகங்கை கப்பல் ஓடுது. கிட்டத்தட்ட 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம். நடுக்கடல்ல டவர் கிடையாது. சிக்னல் இல்லாத இடத்துல போன் முழு பலத்தோட டவரைத் தேடிக்கிட்டே இருக்கும், அதனால பேட்டரி வேகமா இறங்கும். கரை மறைஞ்சதும் ஏரோப்ளேன் மோட் போடுங்க. பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாத்தையும் போன்லயே இறக்கி வச்சுக்குங்க, ஒரு காகித நகலும் எடுத்துக்குங்க.

இலங்கைக்கும் நமக்கும் நேரம் ஒண்ணு. டயலாக், மொபிடெல், ஹட்ச்னு சிம் வாங்க பாஸ்போர்ட் வேணும். அவசரத்துக்கு போலீஸ் 119, ஆம்புலன்ஸ் 1990.

தனுஷ்கோடி பக்கம் போறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். தலைமன்னார் கூப்பிடு தூரம், போன் இலங்கை டவரைப் பிடிச்சு "வெல்கம்" எஸ்எம்எஸ் வரும். கடல் மேல அலைக்குத் தடுப்பு இல்ல. ஜிஎஸ்எம் டவரோட வழக்கமான எல்லையே 35 கிலோமீட்டர். நெட்வொர்க்கைத் தானியங்கியிலேர்ந்து எடுத்து உங்க கம்பெனியைக் கையால தேர்ந்தெடுத்துட்டா தாவாது.

வலங்கைமான் | 5 ஜூன், 9.15

தனுஷ்கோடிக்கு நாகை அண்ணன் சொன்னது சிங்கப்பூர் உட்லண்ட்ஸுக்கும் பொருந்தும். மலேசியாவோட ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவுல ஒரு பாலம்தான். உட்லண்ட்ஸ் வீட்டுல உக்காந்திருக்கும்போதே மலேசிய டவர் பிடிக்கும். அந்தப் பக்கம் தங்குறவங்க உள்ளூர் சிம்முக்கும் நெட்வொர்க்கைக் கையாலயே வச்சுக்குங்க.

பாபநாசம் | 5 ஜூன், 13.00

அக்கா வீடு உட்லண்ட்ஸ்தான்! சிம் சாங்கி ஏர்போர்ட்லயே வாங்கலாமா?

குடந்தைக்காரன் | 5 ஜூன், 13.50

வாங்கலாம் தங்கச்சி, ஆனா அவசரம் இல்ல. ஏர்போர்ட்ல இலவச வைஃபை இருக்கு, இறங்கிட்டேன்னு வாட்ஸ்அப்ல சொல்ல அது போதும். அங்க பெரும்பாலும் தள்ளுறது டூரிஸ்ட் சிம், நாள் கணக்குல முடிஞ்சுபோகும். ஒரு மாசத்துக்கு மேல இருக்குறவங்க டாப்-அப் பண்ணிக்கிட்டே போகக்கூடிய சாதா ப்ரீபெய்ட் கார்டு கேட்டு வாங்கணும். சிராங்கூன் ரோடு கடைகள்ல தமிழ்லயே கேட்கலாம். பாஸ்போர்ட் அசல் வேணும். ஒருத்தர் பேர்ல மூணு ப்ரீபெய்ட் கார்டுதான். அம்மா பேர்லயே வாங்குங்க.

கார்டு மாட்டும்போது நடக்குற சேதாரத்தைச் சொல்லிடறேன். ட்ரேயைத் திறக்குற பின்னைப் பாஸ்போர்ட் உறைக்குள்ள டேப் போட்டு ஒட்டி வைங்க. பின் இல்லாம ஊக்கை எடுத்துக் குத்துறவங்க, பக்கத்துல இருக்குற மைக் ஓட்டையில குத்திடறாங்க. சிம் ஓட்டை ட்ரேயோட கோட்டுக்குள்ள இருக்கும், மைக் ஓட்டை தனியா இருக்கும். பார்த்துட்டு நேரா, சாய்க்காம அழுத்துங்க. ட்ரேயில ஊர் சிம் இருக்குற பள்ளத்தைத் தொடாதீங்க. அதைக் கழட்டி மாட்டினா சில யுபிஐ ஆப் மறுபடி நம்பரைச் சரிபார்க்கச் சொல்லும். சரிபார்க்கிறதுக்குப் போன்லேர்ந்து ஒரு எஸ்எம்எஸ் வெளியே போகணும். ரோமிங்ல அதுக்குக் காசு, பல தடவை போய்ச் சேரவே சேராது. புது போன் மாத்துறதும் அதே கதிதான். ஊர் திரும்புற வரைக்கும் அதே போன், அதே ஸ்லாட்.

சிங்கப்பூர் சிம் வந்த அட்டையைத் தூக்கிப் போடாதீங்க, அதுலதான் பூட்டின சிம்மைத் திறக்குற பியூகே நம்பர் 8 இலக்கத்துல இருக்கும். சிம்மோட ரகசிய எண்ணை (பின் நம்பர்) மூணு தடவை தப்பாப் போட்டா பூட்டும், பியூகேவைப் பத்து தடவை தப்பாப் போட்டா கார்டே செத்துடும்.

வாட்ஸ்அப் புது சிம்மைப் பார்த்துட்டு "நம்பர் மாத்தவா"ன்னு கேட்டா வேணாம்னு அழுத்தணும். பழைய நம்பர்லயே ஓடும்.

கூத்தாநல்லூர் | 5 ஜூன், 21.30

நம்பர் சேவ் பண்றதையும் சொல்லுங்க. ஊர் நம்பரையெல்லாம் +91 போட்டே சேவ் பண்ணணும். பத்து இலக்கம் மட்டும் வச்சிருந்தா உள்ளூர் சிம்லேர்ந்து போகாது. 0வை அழுத்திப் பிடிச்சா + வரும். லேண்ட்லைனுக்கு எஸ்டிடி கோடோட முதல் 0 போயிடும்: கும்பகோணம் 0435, அங்கேர்ந்து +91 435. தஞ்சாவூர் +91 4362, திருவாரூர் +91 4366, மயிலாடுதுறை +91 4364. 91க்கு அப்புறம் மொத்தம் பத்து இலக்கம் வந்தா சரி. மலேசியா, அமீரக நம்பர்லயும் முதல் 0 போயிடும், +60, +971னு போட்டு மிச்சத்தை அடிங்க. சிங்கப்பூர்ல 0 கிடையாது, +65க்கு அப்புறம் எட்டு இலக்கம்.

மன்னை மதில் | 5 ஜூன், 21.50

வாட்ஸ்அப் இல்லாத உறவுக்கு சிங்கப்பூர் சிம்லேர்ந்து நேரா ஐஎஸ்டி போட்டா, + போடாம மலிவு வழி இருக்கு. சிங்டெல்னா 019, ஸ்டார்ஹப்னா 018, அதுக்கப்புறம் 91. வாங்குற கார்டுல அந்த நாட்டுக்கு என்ன ரேட்னு கடையிலயே கேட்டுக்குங்க.

பாபநாசம் | 6 ஜூன், 8.20

எல்லாம் செஞ்சும் அங்க ஓடிபி வரலைன்னா?

குடந்தைக்காரன் | 6 ஜூன், 9.40

வரிசையா: ஏரோப்ளேன் மோட் போட்டு ஒரு நிமிஷம் விட்டு எடுங்க. அப்பவும் வரலைன்னா ஊர் சிம்முக்கு நெட்வொர்க் தேடல் கொடுங்க, ரெண்டு மூணு நிமிஷம் ஆகும். சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, சிம்பான்னு வரும். இப்ப இருக்குறதை விட்டு வேற ஒண்ணைத் தேர்ந்தெடுங்க. உங்க கம்பெனியோட ஒப்பந்தம் இல்லாதது "அனுமதி இல்லை"ன்னு தள்ளிடும், அடுத்ததைத் தொடுங்க. சிக்னல் கோடு முழுசா இருந்தும் எஸ்எம்எஸ் வராம இருக்குறதுக்கு முக்காவாசி இதுதான் மருந்து. ஓடிபியை அடுத்தடுத்து நாலு தடவை கேக்காதீங்க. பழசு லேட்டா வந்து விழும், எது கடைசின்னு தெரியாம தப்பா அடிச்சு அக்கவுன்ட் பூட்டிக்கும். ஒண்ணு கேட்டா பத்து நிமிஷம் பொறுங்க.

எஸ்எம்எஸ்ஸை மட்டுமே நம்பாம மாத்து வழியையும் இங்கேயே வச்சுடுங்க. பேங்க்ல அம்மா பேருக்கு இமெயில் பதியுங்க. ஸ்டேட் பேங்க் அக்கவுன்ட்டா இருந்தா செக்யூர் ஓடிபி ஆப் இருக்கு, எஸ்எம்எஸ் இல்லாமலே போன்லயே எண் தரும். ஆதாருக்கு எம்ஆதார் ஆப்ல 30 விநாடிக்கு ஒரு தடவை மாறுற எண் இருக்கு. இந்த ஆப் எல்லாத்தையும் முதல்ல பதியத்தான் ஊர் எஸ்எம்எஸ் வேணும், 16ஆம் தேதிக்கு முன்னாடி முடிங்க.

வலங்கைமான் | 6 ஜூன், 10.05

அமெரிக்கா போற அப்பா அம்மாக்களுக்கும் ரெண்டு வரி. அங்க பெரிய கம்பெனிகள் 2022லயே 3ஜியை மூடிட்டாங்க. ஏடி அண்ட் டி தன்னோட பட்டியல்ல இருக்குற போனைத்தான் ஏத்துக்கும், இந்தியாவுல வித்த பல மாடல் அதுல இல்ல. சிம் வாங்குறதுக்கு முன்னாடி *#06# போட்டு வர்ற 15 இலக்க ஐஎம்இஐ நம்பரை (போனோட அடையாள எண்) அந்தக் கம்பெனி தளத்துல கொடுத்துப் பார்த்துடுங்க.

நாகை | 6 ஜூன், 10.30

அதே ஐஎம்இஐயை ஒரு காகிதத்துலயும் எழுதி வீட்டுல வைங்க. போன் அங்க தொலைஞ்சா முதல் வேலை, ஊர்ல இருக்குறவங்க சிம் கம்பெனிக்குப் பேசி நம்பரை நிறுத்தி வைக்கிறது; ரெண்டாவது, பேங்க்ல யுபிஐயையும் கார்டையும் நிறுத்துறது. நம்பர் யார் பேர்ல இருக்கோ அவங்க விவரம் கேட்பாங்க, அதையும் எழுதி வைங்க. டூப்ளிகேட் சிம்முக்கு அந்த ஆளே ஊர் வரணும், அதுவரைக்கும் மாத்து வழிதான். சிங்கப்பூர்ல போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 995.

குடந்தைக்காரன் | 6 ஜூன், 10.48

சார்ஜருக்கும் பாருங்க. சிங்கப்பூர், மலேசியா, துபாய் மூணுலயும் சுவத்துல சதுர மூணு முனை. நம்ம உருண்டை முனை உள்ள போகாது. அடாப்டரை இங்கேயே வாங்கிக் கைப்பையில போட்டுக்குங்க.